ஃபோர்டு கொடுத்த காசில் ஃபோர்டுக்கே ஒரு போட்டி: டாட்ஜ் சகோதரர்களின் டூரிங் கார்

பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றிப் பேச்சை ஆரம்பித்தால் ஃபோர்டு மாடல் டி தான் முதலில் வந்து நிற்கும். அதுவும் நியாயம்தான், ஒன்றரைக் கோடி வண்டி விற்ற காரைத் தள்ளிவிட்டு யாரும் எதையும் பேச முடியாது. ஆனால் எனக்குப் பிடித்த வண்டி அதற்கு ஆறு வருடம் கழித்து, 1914 நவம்பரில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க் என்ற ஊரில் இருந்து வந்தது. டாட்ஜ் சகோதரர்களின் முதல் கார். பிற்காலத்தில் இதை மாடல் 30 என்று குறிக்கிறார்கள், ஆனால் அன்றைய விளம்பரங்களில் அப்படியெல்லாம் பெரிதாகப் பெயர் சூட்டவில்லை, டாட்ஜ் பிரதர்ஸ் மோட்டார் கார், அவ்வளவுதான். டூரிங் கார் வகை, அதாவது இரண்டு வரிசை இருக்கை, ஐந்து பேர் உட்காரலாம், முன்னால் மட்டும் கண்ணாடி, தலைக்கு மேல் மடக்கி வைக்கிற கேன்வாஸ் கூரை, மழை வந்தால் இறங்கி ஓடி ஓடிப் பக்கத் திரைகளைப் பட்டன் போட்டு மாட்ட வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கார் என்றாலே பெரும்பாலும் இந்த உருவம்தான்.

இந்த வண்டி எனக்குப் பிடிக்கக் காரணம் அதன் அழகு இல்லை. உண்மையைச் சொன்னால் பார்க்க ரொம்பச் சாதாரணமாக, கறுப்பாக, எல்லாக் கார்களையும் போலத்தான் இருக்கும். இதைச் செய்தவர்கள் பத்து வருடமாக ஃபோர்டு காரின் உள்ளுறுப்புகளைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். அந்தக் கார் எங்கே உடையும், எங்கே மக்கர் பண்ணும், ஓட்டுபவன் எதற்காக வாய்க்கு வந்தபடி திட்டுவான் என்பதெல்லாம் ஹென்றி ஃபோர்டுக்குச் சமமாகத் தெரிந்த இரண்டு பேர். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, ஃபோர்டிடமிருந்து வந்த பணத்திலேயே, ஃபோர்டு செய்ய மறுத்த காரைச் செய்தார்கள்.

அண்ணன் ஜான் டாட்ஜ் 1864இல் பிறந்தவர், தம்பி ஹோரஸ் 1868. மிச்சிகனில் நைல்ஸ் என்ற சின்ன ஊர். அப்பாவுக்கு அங்கே ஒரு பட்டறை. இரண்டு பேருக்கும் செம்பட்டைத் தலைமுடி, இரண்டு பேருக்கும் முன்கோபம், குடித்துவிட்டால் சாராயக் கடைகளில் அடிதடி. ஜான் பேச்சு, கணக்கு, பேரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார், ஹோரஸ் லேத்துக்கும் எந்திரத்துக்கும் பிறந்தவர். சைக்கிள் காலத்தில் தூசு புகாத ஒரு பால் பேரிங்கை ஹோரஸ் கண்டுபிடித்து, கொஞ்ச நாள் சைக்கிளும் செய்து விற்றார்கள். அண்ணன் தம்பி ஒற்றுமையைப் பற்றி ஒரு கதை உண்டு, இருவரில் ஒருவர் பேருக்கு மட்டும் எழுதி வரும் கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்களாம், டாட்ஜ் சகோதரர்கள் என்று எழுதினால்தான் வாங்குவார்கள். கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம், இருந்தாலும் அவர்கள் வாழ்க்கையைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

1901இல் டெட்ராய்ட்டில் ரான்சம் ஓல்ட்ஸ் என்பவரின் கார் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. அதற்கப்புறம் அவர் பாகங்களை வெளியே கொடுத்துச் செய்து வாங்க ஆரம்பிக்க, டாட்ஜ் பட்டறைக்குக் கியர்பாக்ஸ் ஆர்டர் வந்தது. வேலை நன்றாக இருந்ததால் பெயர் பரவியது. 1903இல் ஹென்றி ஃபோர்டு தேடி வந்தார். அப்போது ஃபோர்டு ஒன்றும் பெரிய ஆள் இல்லை, இரண்டு கம்பெனிகள் ஏற்கெனவே அவர் கையைவிட்டுப் போயிருந்தன, மூன்றாவதைத் தொடங்குவதற்காகக் காசு தேடிக்கொண்டிருந்தார். ஓல்ட்ஸின் உறுதியான வியாபாரத்தை விட்டுவிட்டு இந்த மனிதரை நம்பியது பைத்தியக்காரத்தனம் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் தப்பில்லை.

ஒப்பந்தம் இதுதான். 650 வண்டிக்கான என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் சேர்த்து, வண்டிக்கு 250 டாலர். அதாவது காரின் முக்கால்வாசி டாட்ஜ் பட்டறையில் செய்து வந்தது, பாடி ஒரு கடையிலிருந்து, சக்கரமும் டயரும் வேறு இடங்களிலிருந்து. மேக் அவென்யூவில் இருந்த ஃபோர்டு கம்பெனி என்பது ஒரு டஜன் ஆட்கள் அதையெல்லாம் சேர்த்து மாட்டுகிற கொட்டகை. இதோடு கூட டாட்ஜ் சகோதரர்கள் 10,000 டாலருக்குப் பங்கும் எடுத்துக்கொண்டார்கள், 7,000 டாலருக்கு நிகராகப் பொருள்கள், மீதி 3,000 டாலருக்குக் கடன் பத்திரம். கம்பெனியில் பத்தில் ஒரு பங்கு. கையிலிருந்து ரொக்கமாக எதுவும் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதற்கப்புறம் மாடல் டி வந்ததும் பணம் கொட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். 1913 ஜூனில் மட்டும் ஃபோர்டு கம்பெனி ஒரு கோடி டாலரைச் சிறப்பு டிவிடெண்டாக, அதாவது பங்குதாரர்களுக்கான லாபப் பங்காகப் பிரித்துக் கொடுத்தது, அதில் பத்தில் ஒன்று அண்ணன் தம்பிக்கு. அன்றைய பத்து லட்சம் டாலர்! இவர்களுக்கு ஹாம்ட்ராம்க்கில் 1910இலேயே பெரிய தொழிற்சாலை எழும்பியிருந்தது. ஆனால் ஒரே வாடிக்கையாளர். ஃபோர்டோ தன் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் எல்லாப் பாகங்களையும் தானே செய்யும் நிலைக்கு நகர்ந்துகொண்டிருந்தார். என்றைக்காவது ஒரு நாள் ஆர்டர் நின்றுவிடும், அன்றைக்கு அத்தனை லேத்தும் சும்மா நிற்கும். ஜான் டாட்ஜ் முந்திக்கொண்டார். 1913இல் ஃபோர்டு கம்பெனியின் துணைத் தலைவர் பதவியை விட்டு விலகி, பாகம் செய்து கொடுப்பதையும் நிறுத்தப் போவதாக நோட்டீஸ் கொடுத்தார். பங்குகளை மட்டும் விடவில்லை. ஃபோர்டு எத்தனை கார் விற்றாலும் அதிலிருந்து ஒரு பங்கு இவர்களுடைய புதிய கார் கம்பெனிக்கு முதலாக வந்துகொண்டே இருக்கும். என்ன ஒரு ஏற்பாடு!

ஒரு காரையும் யாரும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே 20,000 பேருக்கு மேல் டீலர்ஷிப் கேட்டு எழுதினார்கள். ஃபோர்டுக்குள் இருப்பது பாதி இவர்கள் வேலைதான் என்று தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும், அந்த நம்பிக்கை. தங்கள் காரை வாங்கப் போவது யார் என்று கேட்டதற்கு ஜான், ஃபோர்டு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் என்றைக்காவது ஒரு நிஜமான கார் வேண்டும் என்று தோன்றாதா என்கிற மாதிரி பதில் சொன்னதாகச் சொல்வார்கள். அப்படியே சொன்னாரோ இல்லையோ, வண்டியைப் பிரித்துப் பார்த்தால் இந்த எண்ணம் ஒவ்வொரு போல்ட்டிலும் தெரிகிறது.

சரி, வண்டிக்குள் போவோம். மாடல் டி ஓட்டியிருக்கிறவர்கள் சொல்வதைக் கேட்டால் அது தனி வித்தை. ஆக்சிலரேட்டர் காலில் இல்லை, ஸ்டீயரிங் கீழே ஒரு நெம்புகோல். கீழே மூன்று மிதி, ஒன்று முன் கியருக்கு, நடுவில் இருப்பது ரிவர்ஸ், மூன்றாவது பிரேக். முன்னால் போக இரண்டே கியர். குளிர்காலக் காலையில் முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும், என்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு உடையும், அப்படி உடைந்த கைகளுக்கு அன்றைக்குக் குறைவே இல்லை. 1914இல் அதன் முன் விளக்குகள் இன்னும் அசிட்டிலீன் வாயுவில் எரிந்தன. அடுத்த வருடம் மின்விளக்கு வந்தபோதும் என்ஜினோடு சேர்ந்து சுற்றும் மேக்னெட்டோவிலிருந்துதான் மின்சாரம், வண்டி மெதுவாகப் போனால் விளக்கும் மங்கும். 20 குதிரைசக்தி. விலை 490 டாலர், அந்த விலைக்கு வேறு என்ன எதிர்பார்க்க முடியும் என்பதும் சரிதான்.

டாட்ஜ் 785 டாலர். என்ஜின் 212 கன அங்குலம், நான்கு சிலிண்டர், 35 குதிரைசக்தி என்று கம்பெனி சொன்னது. மூன்று கியர், காலுக்குக் கிளட்ச், கைக்குக் கியர் லீவர், இன்றைக்கு மேனுவல் கார் ஓட்டுகிற யாரும் புரிந்துகொள்ளக்கூடிய அமைப்பு. கியர் போடும் திசை மட்டும் மற்றக் கம்பெனிகளுக்கு நேர் எதிர், அதை 1920களின் நடுப்பகுதி வரை பிடிவாதமாக வைத்திருந்தார்கள், ஏன் என்று கேட்டால் டாட்ஜ் சகோதரர்கள் அப்படித்தான். ஸ்பீடோமீட்டர், மின்விளக்கு, முன்கண்ணாடி எல்லாம் விலைக்குள்ளேயே சேர்த்தி.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது மின் அமைப்பு. எல்லோரும் 6 வோல்ட்டில் இருந்த காலத்தில் இவர்கள் 12 வோல்ட் போட்டார்கள். அமெரிக்கக் கார்களுக்கு அது பொது வழக்கமாக ஆவதற்கு 1950கள் வரை போனது. ஸ்டார்ட்டரும் டைனமோவும் தனித்தனியாக இல்லை, இரண்டும் ஒரே எந்திரம், என்ஜினோடு ஒரு சத்தம் போடாத செயினால் எப்போதும் பிணைந்திருக்கும். ஸ்விட்சைப் போட்டால் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து என்ஜினைச் சுற்றும், என்ஜின் பிடித்துக்கொண்டு வேகம் கூடியதும் அதே எந்திரம் டைனமோவாக மாறிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். இதனால் ஒரு விசித்திரமான நன்மை. கிளட்சைச் சட்டென்று விட்டு என்ஜின் திணறி நிற்கப் போகிறது என்றால், வேகம் குறைந்த அந்த நொடியில் டைனமோ மறுபடி ஸ்டார்ட்டராகி என்ஜினைத் தூக்கி விட்டுவிடும். ஓட்டுபவர் எதையும் தொட வேண்டாம். இன்றைக்கு மைல்டு ஹைப்ரிட் என்று புதுக் கார் விளம்பரங்களில் பெருமையாகச் சொல்கிறார்களே, ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒன்றாக இருக்கிற ஏற்பாடு, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1914 டாட்ஜ் நினைவுக்கு வந்து சிரிப்பு வரும்.

அடுத்தது பாடி. அந்தக் காலத்துக் கார் பாடி என்றால் மரச் சட்டம், அதன்மேல் தகடு, நம் ஊரில் லாரிக்குப் பாடி கட்டுகிற மாதிரிதான், தச்சனும் தகர வேலைக்காரனும் சேர்ந்து செய்வது. மரம் நாளடைவில் இளகிக் கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும். பெயின்ட் அதைவிடத் தலைவலி, பல பூச்சு பூசி ஒவ்வொன்றும் காய வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சூடாக்கிக் காய வைக்கலாம் என்றால் மரம் வெடித்துவிடும். பிலடெல்பியாவில் எட்வர்ட் பட் என்பவர் 1912இல் ஒரு கம்பெனி தொடங்கி, வியன்னாவிலிருந்து வந்த ஜோசப் லெட்விங்கா என்ற பொறியாளரை வைத்துக்கொண்டு, எஃகுத் தகடுகளை அச்சில் அழுத்தி வெல்டிங் செய்து பாடி முழுவதையும் எஃகிலேயே பண்ணலாம் என்று ஒவ்வொரு கார் கம்பெனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய அளவில் அதை நம்பியவர்கள் டாட்ஜ் சகோதரர்கள், எடுத்த எடுப்பில் 5,000 பாடிக்கு ஆர்டர். இரும்பைத் தொட்டே வளர்ந்தவர்களுக்கு அதில் தயக்கம் இருந்திருக்காது. எஃகுப் பாடியை அப்படியே சூளைக்குள் தள்ளி எனாமல் பெயின்டைச் சுட்டு எடுக்கலாம், வாரக்கணக்கு வேலை மணிக்கணக்கில் முடியும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் கார் செய்ய நினைப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள், பெயின்ட் காய்கிற இடத்துக்கென்றே தனிக் கட்டடம் தேவையில்லை.

1914 நவம்பர் 14ஆம் தேதி முதல் கார் வெளியே வந்தது, செல்லமாக ஓல்ட் பெட்ஸி என்று பெயர். அன்று எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது, ஜானின் வீட்டு வாசலில் கார், பின் சீட்டில் அண்ணனும் தம்பியும் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வருட முடிவுக்குள் 249 கார், அடுத்த முழு ஆண்டில் 45,000. முதல் வருடத்திலேயே இந்த எண்ணிக்கையை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

பெயர் பரவியதற்கு இன்னொரு காரணம் மெக்சிகோ. 1916 மார்ச்சில் பாஞ்சோ வில்லாவின் ஆட்கள் எல்லை தாண்டி நியூ மெக்சிகோவில் கொலம்பஸ் என்ற ஊரைத் தாக்க, அமெரிக்கா ஜெனரல் பெர்ஷிங் தலைமையில் ஒரு படையை வில்லாவைப் பிடிக்க அனுப்பியது. குதிரைப் படைதான், ஆனால் பெர்ஷிங் பயணம் செய்தது டாட்ஜ் டூரிங் காரில். அவருடைய உதவியாளராக ஓர் இளம் லெப்டினன்ட், வயது 30, பெயர் ஜார்ஜ் பேட்டன். ஆமாம், இரண்டாம் உலகப் போரில் பெயர் பெற்ற ஜெனரல், அதே பேட்டன்தான். மே 14ஆம் தேதி படைக்குச் சோளம் வாங்கி வரச் சொல்லி மூன்று டாட்ஜ் கார்களோடு அவரை அனுப்பினார்கள். சோளம் வாங்கிய கையோடு, வில்லாவின் தளபதிகளில் ஒருவரான ஹூலியோ கார்தெனாஸ் பக்கத்தில் ஒரு பண்ணையில் இருக்கக்கூடும் என்று சந்தேகப்பட்டு வண்டியை அந்தப் பக்கம் விட்டார். சான் மிகெலித்தோ என்ற அந்தப் பண்ணை வீட்டுக்குக் கார்கள் வேகமாகப் போய்ச் சூழ்ந்து நின்றதும் துப்பாக்கிச் சண்டை. கார்தெனாஸ் உட்பட மூன்று பேர் செத்தார்கள். பேட்டன் உடல்களைக் கார்களின் பானெட் மேல் கட்டிக்கொண்டு முகாமுக்குத் திரும்பினார், வேட்டைக்குப் போனவன் மானைக் கட்டிக்கொண்டு வருகிற மாதிரி. அமெரிக்க ராணுவம் மோட்டார் வண்டியில் போய் நடத்திய முதல் தாக்குதல் என்று இதைச் சொல்கிறார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. எனக்கு அந்தப் பானெட் விவரம் படிக்கும்போது இன்னும் குமட்டுகிறது, ஆனால் கார் விற்பனைக்கு அது கெடுதல் செய்யவில்லை.

வில்லாவை பெர்ஷிங்கால் பிடிக்கவே முடியவில்லை. அவர் பிற்பாடு மெக்சிகோ அரசோடு சமாதானமாகிப் பண்ணையில் ஓய்ந்து உட்கார்ந்தார், 1923 ஜூலை 20ஆம் தேதி பர்ரால் ஊரில் மறைந்திருந்த ஆட்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவர் தானே ஓட்டிக்கொண்டு வந்த வண்டியும் ஒரு டாட்ஜ். துளைத்த குண்டுகளின் ஓட்டைகளோடு சிவாவாவில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே ஆண்டுகளில் உலகத்தின் இன்னொரு மூலையில், நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் கோபிப் பாலைவனத்துக்குள் டாட்ஜ் கார்களில் போய்க்கொண்டிருந்தார். பெட்ரோலைச் சுமந்துகொண்டு ஒட்டகங்கள் முன்கூட்டியே கிளம்பிவிடும், கார்கள் பின்னால் போய் அவற்றைச் சந்திக்கும். 1923இல் அவருடைய குழு கண்டெடுத்த டைனோசர் முட்டைகள் உலகம் பூராவும் செய்தியாயின. ரோடே இல்லாத இடத்தில் வேலைக்கு ஆகும் கார் எது என்று அவர்கள் பார்த்து எடுத்துப் போனது இதைத்தான், விளம்பரம் எழுதுபவர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்.

இப்போது பணக் கதைக்குத் திரும்புவோம், ஏனென்றால் ஹென்றி ஃபோர்டு சும்மா இருப்பாரா? தன் கம்பெனியின் டிவிடெண்டு தனக்குப் போட்டியாக இன்னொரு தொழிற்சாலைக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரியாததா? 1916இல் இனிச் சிறப்பு டிவிடெண்ட் கிடையாது, லாபத்தையெல்லாம் தொழிலை விரிவாக்கவும் கார் விலையைக் குறைக்கவும் போடப் போகிறேன் என்றார். கேட்பதற்குத் தர்மவான் பேச்சு மாதிரி இருக்கும். இதில் டாட்ஜ் சகோதரர்களின் வரவை அடைப்பதும் ஒரு நோக்கம் என்று நினைப்பவர்கள் பலர், நானும் அவர்களில் ஒருவன். நவம்பர் 1ஆம் தேதி ஃபோர்டின் மகன் எட்சல் கல்யாணத்துக்கு அண்ணனும் தம்பியும் போய் வாழ்த்திவிட்டு வந்தார்கள், மறுநாள் ஃபோர்டு மேல் வழக்குப் போட்டார்கள்.

1919 பிப்ரவரியில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தொழிலை விரிவாக்குவது நிர்வாகத்தின் விருப்பம், அதில் தலையிட மாட்டோம், ஆனால் இவ்வளவு பணத்தைக் குவித்து வைத்துக்கொண்டு பங்குதாரருக்குக் கொடுக்காமல் இருக்க முடியாது, சுமார் 1 கோடியே 93 லட்சம் டாலரைப் பிரித்துக் கொடு. கம்பெனி யாருக்காக நடத்தப்படுகிறது என்ற கேள்விக்கு அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் முதலில் எடுக்கும் வழக்கு இது. ஃபோர்டு வெறுத்துப்போய் எல்லாப் பங்குதாரர்களையும் விலை கொடுத்து வெளியேற்றினார். டாட்ஜ் சகோதரர்களுக்குக் கிடைத்தது 2.5 கோடி டாலர், 1903இல் பொருளும் கடன் பத்திரமுமாகக் கொடுத்த 10,000 டாலருக்கு.

அனுபவிக்க நேரம் கிடைக்கவில்லை. 1920 ஜனவரியில் இருவரும் நியூயார்க் கார் கண்காட்சிக்குப் போனார்கள், அங்கே இருவருக்கும் இன்ஃபுளூயன்ஸா. 14ஆம் தேதி ஹோட்டல் அறையிலேயே ஜான் போய்விட்டார். ஹோரஸ் பிழைத்தார், ஆனால் அண்ணன் இல்லாமல் தேறவே இல்லை, அந்த டிசம்பரில் அவரும் இறந்தார். ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கார் செய்துகொண்டிருந்த கம்பெனி இரண்டு விதவைகளின் கையில் நின்றது. 1925இல் அவர்கள் அதை டில்லன் ரீட் என்ற வங்கி நிறுவனத்துக்கு 14 கோடியே 60 லட்சம் டாலருக்கு விற்றார்கள், 1928இல் கிரைஸ்லர் கார் கம்பெனி வாங்கியது. நம் ஊர் ரோடுகளில் ஓடிய டாட்ஜ், ஃபார்கோ லாரிகள் எல்லாம் பம்பாய் பிரீமியர் கம்பெனி கிரைஸ்லரிடம் உரிமம் வாங்கிச் செய்தவை, அந்த வழியில் வந்த பேரன்கள்.

டூரிங் கார் என்ற வகையும் அந்தப் பத்தாண்டிலேயே முடிந்தது. 1919இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் மூடிய கார் பத்தில் ஒன்றுதான், 1920களின் கடைசியில் பத்தில் ஒன்பது. ஹட்சன் கம்பெனியின் எஸ்ஸெக்ஸ் மூடிய கார் 1925 வாக்கில் அதே கம்பெனியின் திறந்த காரைவிட மலிவாகவே கிடைத்தது, அப்புறம் யார் பக்கத் திரையைப் பட்டன் போட்டுக்கொண்டிருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால் மூடிய காரை மலிவாக, கீச்சுச் சத்தம் இல்லாமல் செய்ய வழிவிட்ட வேலைகளில் முக்கியமானது எட்வர்ட் பட்டின் எஃகுப் பாடி, அதை ஆயிரக்கணக்கில் செய்து பழக இடம் கொடுத்தது இந்த டாட்ஜ் டூரிங் கார்.

ஹென்றி ஃபோர்டு மாடல் டியை விடாப்பிடியாக 1927 வரை செய்தார். அந்த டிசம்பரில் அதற்குப் பதிலாக மாடல் ஏ வந்தது. காலுக்குக் கிளட்ச், கைக்கு மூன்று கியருக்கான லீவர், பேட்டரி, கேட்காமலே செல்ஃப் ஸ்டார்ட்டர், 200 கன அங்குல நான்கு சிலிண்டர் என்ஜின். 1914இல் ஹாம்ட்ராம்க்கிலிருந்து வந்த வண்டியின் விவரப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 12 வோல்ட்டைத் தவிர ஏறக்குறைய எல்லாம் இந்த மாடல் ஏயில் இருக்கும்.